இரண்டு நட்டுகளுக்கு நடுவே

வளையத்தைக் கண்டெடுத்தது என் மனைவி ரேலீன்தான். பட்டறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கிரீஸ் துணிக்கு அடியிலிருந்து அதை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினாள்.

"ஓர்லின், இது எதோட மூடி?"

நான் ஒரு தானிய லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகு வளையம். சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். உள் விளிம்பில் ஒரே ஒரு பல்.

"அது மூடி இல்ல," என்றேன். லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

அந்த வாரம் முழுவதும் அப்படி ஒரு வளையம் உள்ள வண்டி ஒன்றுதான் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தது. டாக்னியின் நீல நிற பிக்கப். முன்சக்கரம் இரண்டுக்கும் புது பேரிங் போட்டு, அன்று காலை எட்டு மணிக்குச் சாவியை அவளிடம் கொடுத்திருந்தேன். இப்போது மணி பதினொன்று நாற்பது. டாக்னி எங்கள் ஊர்த் தபால்காரி. வீட்டுக்கு ஒன்றாகச் சாலையோரம் நிற்கும் அறுபத்தெட்டுத் தபால் பெட்டிகள், நூற்றுப் பன்னிரண்டு மைல், பெரும்பாலும் சரளைச் சாலை. அதில் பாதி தூரத்தை இந்நேரம் நெருங்கிக்கொண்டிருப்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பது புரியாது. சக்கரத்தை வெளியிலிருந்து பார்த்தால் வட்டமாக எட்டு நட்டுகள் தெரியும். அவைதான் சக்கரத்தை வண்டியில் பிடித்திருக்கின்றன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவை சக்கரத்தைப் பிடித்திருப்பது அதன் நடுவே இருக்கும் ஹப் என்ற குடத்தோடு மட்டும். அந்த ஹப்பை வண்டியில் பிடித்திருப்பது வேறு. அச்சின் முனையில் ஸ்பிண்டில் என்று ஒரு தடித்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஹப் அதன்மேல் இரண்டு பேரிங்குகளோடு, விரலில் மோதிரம் ஏறுவதுபோல ஏறி உட்காரும். ஏறியது கழன்று வராமல் தடுப்பவை, உள்ளே யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும் இரண்டே நட்டுகள்.

அந்த இரண்டில் முதல் நட்டை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகிவிடும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். அதனால் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, பிறகு கொஞ்சம் பின்னால் விட வேண்டும். அப்படி அரைகுறை இறுக்கத்தில் நிற்கும் நட்டு தானாகவே நகரப் பார்க்கும். அதை நகரவிடாமல் பிடிப்பதுதான் வளையம். வளையத்தின் பல், ஸ்பிண்டிலில் வெட்டிய பள்ளத்துக்குள் போகும்; அதனால் வளையம் சுற்ற முடியாது. முதல் நட்டின் முகத்தில் உள்ள சின்ன முளை, வளையத்தின் ஒரு துளைக்குள் போகும்; அதனால் நட்டும் சுற்ற முடியாது. அதன்மேல் இரண்டாவது நட்டை முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டால் முடிந்தது. நான் இந்த அமைப்பை நூறு தடவை பிரித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும், இதை யோசித்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கெட்டிக்காரன் யோசித்த வளையம் இப்போது ரேலீன் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

"எந்தப் பக்கத்து வளையம்?" என்றாள்.

"வலதாத்தான் இருக்கும். அதைத்தான் கடைசியா மாட்டினேன். அப்பதான் கான்ராட் காப்பி குடிக்க வந்தான்."

"கான்ராட் தினமும் ஆறரைக்கு வர்றான். தினமுமா சக்கரம் கழலுது?"

"இன்னிக்கு அவனோட புது அறுவடை மெஷினைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டான்."

"உன் வாயும் கையும் ஒண்ணா வேலை செய்யாதுன்னு கல்யாணத்துக்கு அடுத்த நாளே எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே அவள் தொலைபேசியை எடுத்துவிட்டாள். "நீ கிளம்பு. வழியில இருக்கிற வீட்டுக்கெல்லாம் நான் போன் பண்றேன்."

ஜாக்கி, நான்கு பல் வைத்த பெரிய சாக்கெட், இறுக்கம் பார்க்கும் டார்க் ரெஞ்ச், கிரீஸ் டப்பா, எல்லாவற்றையும் பட்டறை வண்டியில் போட்டேன். வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

டாக்னி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. அனுப்ப வேண்டிய கடிதம் பெட்டிக்குள் இருந்தால் வீட்டுக்காரர்கள் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிவப்புக் கொடியைத் தூக்கி வைப்பார்கள். கடிதத்தை எடுத்ததும் அவள் கொடியைக் கீழே தள்ளிவிடுவாள். கொடி நின்றால் அவள் இன்னும் வரவில்லை. கீழே கிடந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்று வியாழக்கிழமை. ஊர்ச் செய்தித்தாள் எல்லாப் பெட்டிக்கும் வரும் நாள். கோதுமை விதைப்பு நேரம் என்பதால் சாயங்காலம்வரை யாரும் பெட்டிப் பக்கம் வரமாட்டார்கள். உள்ளே செய்தித்தாள் இருந்தால் அவள் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். அடுத்தவர் தபால் பெட்டியைத் திறப்பது குற்றம். அன்று நான் ஒன்பது பெட்டிகளைத் திறந்தேன்.

எல்லாவற்றிலும் செய்தித்தாள் இருந்தது. சாலையோரப் பள்ளங்களில் நீல வண்டி எதுவும் கவிழ்ந்து கிடக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நிமிடம் நிம்மதி, அடுத்த மைலில் மறுபடியும் பயம்.

பயத்துக்கு ஒரு பெயரும் இருந்தது, ஸ்னேக் கிரீக் இறக்கம். சமவெளி அங்கே திடீரென்று முடிந்து, சாலை ஆற்றுக்கு இறங்கும். இரண்டு மைல் சரளை, ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் டாக்னி அதை முதல் கியரிலேயே இறங்குவாள். மற்ற நாட்களில் பிரேக்தான்.

ஒரே ஒரு ஆறுதலை வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வண்டி முன்னால் போகும்போது வலது சக்கரம், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடிகார முள் திசையில் சுற்றும். நட்டு இறுகும் திசையும் அதுதான். அதனால் வலது பக்கம் வளையம் இல்லாவிட்டாலும், சக்கரம் நட்டை இறுகும் பக்கமாகத்தான் இழுக்கும். பேரிங் சூடேறலாம், கத்தலாம். டாக்னிக்கு அது கேட்கும். ஏனென்றால் அவள் வலதுபக்க இருக்கையில்தான் உட்கார்ந்து ஓட்டுவாள். பெட்டிகள் எல்லாம் வலது ஓரத்தில் இருக்கின்றன. ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது. இடது கையால் ஸ்டீயரிங், குறுக்கே நீட்டிய இடது காலால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும், வலது கையால் கடிதம். பதினேழு வருடமாக அப்படித்தான்.

இறக்கத்தின் தலைமாட்டில் எமெட் ரட்டின் பெட்டி. கொடி கீழே. உள்ளே செய்தித்தாள் இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எமெட் மனைவியை இழந்த கிழவர், வீட்டில்தான் இருப்பார், அவரே வந்து எடுத்துப் போயிருக்கலாம். ஒரு காற்றுத்தடுப்பு மரவரிசைக்குப் பின்னால் அவர் வீடு மறைந்திருந்தது. நான் நிற்கவில்லை. இறக்கத்தில் இறங்கினேன்.

அந்த இரண்டு மைலை நான் ஓட்டியதைவிட எட்டிப் பார்த்ததுதான் அதிகம். விளிம்பில் டயர் தடம் ஏதாவது வெளியே போகிறதா, வேலிக் கம்பம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா. கீழே ஆற்றங்கரையில் அடுத்த பெட்டி நின்றது. அதன் கொடி நேராக மேலே நின்றது.

அவள் இங்கே வரவில்லை. மேலே எல்லாப் பெட்டியையும் தாண்டியிருக்கிறாள். நடுவில் இருப்பது நான் இப்போது இறங்கி வந்த இறக்கம் மட்டும்.

வண்டியைத் திருப்பினேன். ஏறும்போது விளிம்பு என் பக்கம் இருந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, நடக்கும் வேகத்தில் ஏறினேன். புதர், பாறை, ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி, மறுபடி பாறை. கடைசி வளைவில் ஏறியபோதுதான் தெரிந்தது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மரவரிசை மறைக்கவில்லை. எமெட்டின் கொட்டகைக்குப் பின்னால், வெயிலில் மின்னிக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் நிற்கிற நீல வண்டியின் பின்பக்கம்.

ஹாரன் அடித்ததாக எனக்கு நினைவில்லை, ஆனால் அடித்துக்கொண்டே போயிருக்கிறேன். எமெட் கதவைத் திறந்து நின்றார்.

"எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்றார்.

உள்ளே சமையலறை மேசையில் டாக்னி ருபார்ப் பை, அதாவது புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாட்டுத் தொட்டித் தண்ணீர் உறையாமல் இருக்கப் போடும் ஹீட்டர் ஒன்று, பிரித்த அட்டைப் பெட்டியோடு. பெட்டிக்குள் நுழையாத பார்சலை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். பார்சல் கொண்டுவந்தவளை ஒரு துண்டு பை தின்னவைக்காமல் விடுவதில்லை என்பது எமெட்டின் வழக்கம்.

"என்னடா ஓர்லின், மூஞ்சி மாவு மாதிரி வெளுத்திருக்கு? உக்காரு, உனக்கும் ஒரு துண்டு இருக்கு," என்றாள் டாக்னி. நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு.

"வண்டியை எடுக்காத."

"தின்னுட்டுத்தான் எடுப்பேன்."

"தின்னாலும் எடுக்காத. ஏங்க எமெட், ரேலீன் இங்க போன் பண்ணலையா?"

"அடிச்சுது. ஆறு தடவை அடிச்சுது," என்றார் எமெட். "விருந்தாளி மேசையில இருக்கிறப்ப நான் போன் எடுக்கிறதில்ல. எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

நான் சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன ஏது என்று சொன்னேன். டாக்னி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது இல்லாமலா நான் ஐம்பத்தொன்பது மைல் வந்திருக்கேன்?"

"ஆமா."

"அடுத்தது இறக்கம்."

"ஆமா."

"பாவி," என்றாள். குரலில் கோபத்தைவிட வேறொன்றுதான் அதிகம் இருந்தது. மீதிப் பையை அவள் தொடவில்லை.

முதலில் வலது சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் மூடியில் உள்ள ஆறு திருகையும் எடுத்து, உள்ளே இருக்கும், நான்கு சக்கர இழுவைக்கான பூட்டு அமைப்பை இழுத்து வெளியே வைத்துவிட்டு, கிரீஸைத் துணியால் வழித்தேன். வெளி நட்டு, அதற்குப் பின்னால் பளபளவென்று வளையம். துளைகளோடு, பல்லோடு, எல்லாம் சரியான இடத்தில். என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த எமெட், "இருக்கே!" என்றார் சந்தோஷமாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு சக்கரம், இரண்டு வளையம். ஒன்று இங்கே இருக்கிறது, ஒன்று மேசையில் இருக்கிறது. அப்படியென்றால் இல்லாதது இடது பக்கம். வண்டி முன்னால் போகும்போது இடது சக்கரம் நட்டைத் தளரும் திசையில் இழுக்கும். வழி முழுக்க நான் சொல்லிக்கொண்டு வந்த ஆறுதல் அப்படியே தலைகீழாகத் திரும்பியது.

பிறகு யோசித்துப் பார்த்தபோது, தப்பு நடந்த விதம் புரிந்தது. டாக்னியின் வண்டியில் அடிவாங்குவது வலது சக்கரம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் அது சாலையோர மெத்தென்ற மண்ணில் இறங்கி ஏறும். அதனால் என் கவனம் முழுக்க அதில்தான் இருந்தது. இடதைத்தான் கடைசியாக, அது சும்மா கூட வருகிற சக்கரம் என்பதுபோல, கான்ராடிடம் பேசிக்கொண்டே மாட்டியிருக்கிறேன்; நினைவில் நின்றது வலதுதான்.

"டாக்னி, ஸ்டீயரிங் ஆடிச்சா?"

"சரளையில எது ஆடல?"

"சத்தம்?"

"என் காது வலது பக்கம் இருக்கு. ஜன்னலும் திறந்திருக்கு." காலால் தரையில் மிதித்துக் காட்டினாள். "ஆனா பிரேக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. முதல் மிதி கீழ வரைக்கும் போகுது. ரெண்டாவது மிதியில பிடிக்குது. காத்து புகுந்திருக்கும், சாயங்காலம் உன்னைத் திட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"எப்பலேருந்து?"

"ஒரு இருபது பெட்டிக்கு முன்னாலேருந்து. ரெண்டு மிதி மிதிச்சா சரியா இருக்கேன்னு அப்படியே ஓட்டிட்டு வந்தேன்."

காற்று இல்லை. ஹப்போடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டை இரண்டு பக்கமும் கட்டைகள் பிடிக்கின்றன. ஹப் ஆடினால் தட்டும் ஆடும். ஆடும் தட்டு கட்டைகளைப் பின்னால் தள்ளிவிடும். முதல் மிதி அந்தக் கட்டைகளைத் திரும்பக் கொண்டுவரவே செலவாகிவிடும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவைக்குமேல் பிரேக் மிதிக்கும் அவள் கால், இடது சக்கரம் சொன்னதைச் சரியாகவே கேட்டிருக்கிறது. நான்தான் அங்கே இல்லை.

இடது சக்கரத்தைத் தூக்கினேன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உலுக்கினேன். 'டொக்' என்றது. எமெட் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

திறந்தபோது வெளி நட்டை விரலால் சுற்ற முடிந்தது. இதைத்தான் நான் காலையில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, அது 'டக்' என்று சொன்னதும் திருப்தியோடு எழுந்தேன். ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. இவ்வளவு பலம் கொடுத்துவிட்டாய் என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். அந்தப் பலம் எதன்மேல் போய் உட்கார்ந்தது என்று அதற்குத் தெரியாது. வளையம் இல்லாததால் வெளி நட்டு, உள் நட்டின் முளையின் நுனியில்மட்டும் உட்கார்ந்திருக்கிறது. பட்டாணி அளவு முளை. அது நசுங்க நசுங்க, மேலே இருந்த இறுக்கம் போய்விட்டது. உள் நட்டு ஒன்றரைச் சுற்று பின்னால் வந்திருந்தது.

"இன்னும் எத்தனை சுத்து மிச்சம்?" என்றாள் டாக்னி.

"ஏழெட்டு."

"அப்ப நிறைய இருந்துச்சு."

"இல்ல. இறுக்கமா இருக்கும்போது மெதுவா வரும். ஆட ஆரம்பிச்சா வேகமா வரும். இறக்கத்துல பிரேக் பிடிச்சா இன்னும் வேகமா."

அவள் போய், எமெட்டின் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

பேரிங்கை வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உருளைகளில் ஒரு கீறல் இல்லை, சூட்டில் நீலம் பாரிக்கவில்லை. ஸ்பிண்டிலின் மரை சுத்தமாக இருந்தது. முளையின் நுனிதான் காளான் தலைபோல விரிந்து, வளையத்தின் துளைக்குள் போக மறுத்தது. எமெட் கொட்டகைக்குள் போய் ஒரு சிறிய அரத்தோடு வந்தார்.

"குதிரைப் பல்லு தேய்க்கிறதுக்கு வெச்சிருந்தேன். உன் நட்டுக்கும் ஒரு பல்லுதானே."

"குதிரை கடிக்காதா?" என்றாள் டாக்னி.

"கடிக்கும். ஆனா காப்பி குடிச்சிட்டு வளையத்தை மறக்காது."

நான் சிரித்தேன். அன்று காலையிலிருந்து முதல் தடவை. அரத்தை வாங்கி, விரிந்த நுனியைத் தேய்த்தேன்.

முளை துளைக்குள் போயிற்று. புது கிரீஸ் அடைத்து, ஹப்பை ஏற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை முடுக்கி, பின்னால் விட்டேன். வளையத்தை வைத்தேன். பல் பள்ளத்தில் நழுவி உட்கார்ந்தது. முளைக்கு நேராகத் துளை வரவில்லை, முடி அளவு தள்ளி நின்றது. வளையத்தைப் புரட்டிப் போட்டால் துளைகள் அரைத் துளை தூரம் மாறி நிற்கும். அதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். புரட்டினேன், உட்கார்ந்தது. வெளி நட்டைப் போடுவதற்கு முன்னால் எழுந்து விலகி நின்றேன்.

"டாக்னி, வந்து பாரு."

"எனக்கு என்ன தெரியும்?"

"பல்லு பள்ளத்துல இருக்கா? முளை ஓட்டைக்குள்ள இருக்கா? அது போதும்."

குனிந்து பார்த்தாள். விரலை வைத்து வளையத்தைத் திருப்பப் பார்த்தாள், அசையவில்லை. "இருக்கு," என்றாள். எமெட்டையும் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்துவிட்டு, "இருக்கு," என்றார், சாட்சி சொல்பவர்போல. அதற்குப் பிறகுதான் வெளி நட்டைப் போட்டு இறுக்கினேன். ரெஞ்ச் 'டக்' என்றது. இந்தத் தடவை அது எதன்மேல் சொல்கிறது என்று மூன்று பேருக்குத் தெரியும். வலது பக்கத்தையும் அதேபோல மூடினேன்.

இரண்டு சக்கரமும் தரையில் இறங்கியதும் எமெட்டின் வீட்டிலிருந்து ரேலீனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிடைச்சாளா?"

"பை தின்னுட்டிருந்தா."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தமும், அதில் யாரோ பொத்தென்று உட்காரும் சத்தமும் கேட்டன. "சரி," என்றாள். "சரி. எனக்கும் ஒரு துண்டு வாங்கிட்டு வா."

"இறக்கத்துல நான் ஓட்டட்டுமா?" என்று டாக்னியிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் உக்காந்து ஓட்ட உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வழியை விடு. தபால் ஒரு மணி நேரம் லேட்டு." இருக்கையில் ஏறி, குறுக்கே காலை நீட்டிப் பிரேக்கை ஒரு தடவை மிதித்தாள். நிறுத்தி, என்னைப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை மிதித்தாள். "மேலேயே நிக்குதுடா. கல்லு மாதிரி."

அவள் முன்னால் போக, நான் நாற்பதடி பின்னால் போனேன். அந்த இடது சக்கரத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தது, வண்டி தலை குனிந்தது, சக்கரம் செங்குத்தாக, கொஞ்சமும் ஆடாமல் சுற்றியது. தூசு என் கண்ணாடியை மூடியபோது வைப்பரைப் போட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு மைல் அப்படி முடிந்தது.

கீழே பெட்டியருகே அவள் நின்றதும் ஓடிப்போய் இடது ஹப்பில் உள்ளங்கையை வைத்தேன். பேரிங் இறுக்கமாகிவிட்டால் அங்கே கை வைக்க முடியாது. வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. வெயிலில் நின்ற கதவின் சூடுதான் அதற்கும். வலது பக்கம் போய் அதையும் தொட்டேன். அதே சூடு.

"எதுக்கும் சாயங்காலம் பட்டறைக்கு வா. இன்னொரு தடவை திறந்து பாத்துடறேன்," என்றேன்.

"எதுக்கு? நான் பாத்தேன். எமெட் பாத்தாரு. நீ பாத்த." பெட்டியிலிருந்த கடிதத்தை எடுத்து, செய்தித்தாளைப் போட்டு, கொடியைக் கீழே தள்ளினாள். "இனிமே அதைத் திறந்தா நீ மறுபடி எதையாவது மறப்ப. போடா, போய் லாரிக்கு அடியில படு."

சரளையை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றங்கரையோரம் சாலை நேராகப் போகிறது, அந்த நீல வண்டி அடுத்த பெட்டியில் நின்று, கிளம்பி, அதற்கடுத்த பெட்டியில் நின்று, கிளம்புவதை அங்கே உட்கார்ந்தால் ரொம்ப தூரம் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே மிதியில் நின்றது.